குதிகாலுக்குத் தண்ணீர்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போகிற விஷயத்தில் யார்மேலாவது எனக்கு ஆத்திரம் இருப்பதுபோலத் தெரிந்தால், அதில் முக்கால்வாசி என்மேல்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுலோசனா. 2005-இல் எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன், அதை இங்கே எழுத முடியாது. மரக்காணத்தில் அப்பா ஆதிமூலம் குத்தகைக்கு எடுத்து உப்பளம் நடத்தினார். நான் டிராயிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, பள்ளிக்கூட வேலை கிடைக்காமல், கூனிமேட்டில் ஒரு மாடியில் இருந்த கார்ட்டூன் கம்பெனிக்குப் படம் வரையப் போய்க்கொண்டிருந்தேன். கார்ட்டூன் என்று சொன்னால் அதை நடத்திய அருள்மொழி சாருக்கு முகம் சுண்டிவிடும். அனிமேஷன் என்று திருத்துவார். சென்னைக்காரர். கடல்காற்று பட்டால் கற்பனை ஊறும் என்று நம்பி வந்தவர். காற்று வந்தது, கூடவே உப்பும் வந்தது, ஆறே மாதத்தில் இரண்டு கம்ப்யூட்டர் துருப்பிடித்துப் போயின.

அவர் எடுத்துக்கொண்டிருந்தது நாற்பது நிமிடப் படம். கதை நடப்பது இரண்டாயிரத்து முந்நூறாம் வருஷம். கடல் ஏறி ஊர்களெல்லாம் போய்விட்டன. மிச்சமிருக்கும் ஒரு திட்டில் ஒரு பெண் தனியாக உப்பு விளைவிக்கிறாள். ஆகாயத்தில் மிதக்கும் ஊரிலிருந்து, உப்பு வாருவதற்கு ஒரு மெஷினை இறக்குகிறார்கள். அந்த மெஷினுக்கும் அவளுக்கும் காதல்.

பாதிப் படம் முடிந்திருந்தபோது, அதற்குப் பணம் கொடுக்கிறவர்கள் சென்னையிலிருந்து வந்து பார்த்தார்கள். மெஷின் பிரமாதம், கடல் ஏறுவது பிரமாதம், காதல் மட்டும் சுவரில் போஸ்டர் ஒட்டினாற்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அருள்மொழி சார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"லவ்வும் சயின்ஸும் ஒண்ணா சேரவே மாட்டேங்குதுங்க சுலோசனா. இது வந்தா அது ஓடிப்போயிடுது."

"இதுங்க ரெண்டும் எப்ப சார் வேலை செய்யுதுங்க?" என்று கேட்டேன்.

"புரியலீங்க."

"நிலாவப் பாக்குதுங்க. நட்சத்திரத்தப் பாக்குதுங்க. மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டு நிக்குதுங்க. அப்ப உப்ப யாரு வார்றது? அதுவும் அந்த மெஷினு பலகைய புடிச்சிக்கிட்டு முன்னாடி நடந்து போவுது. எந்த ஊர்ல சார் உப்ப முன்னாடி நடந்து வார்றாங்க?"

உப்பு வாருகிறவர்கள் பின்னால்தான் நடப்பார்கள். நீளமான கழியின் நுனியில் பலகை. அதைப் பாத்தியில் எட்டப் போட்டு, தன் பக்கமாக இழுத்துக்கொண்டே, வரப்பை நோக்கிப் பின்னால் பின்னால் வர வேண்டும். முன்னால் நடந்தால் வாரிய உப்பையே மிதித்துச் சேறாக்கிவிடுவோம். எங்கே போகிறோம் என்பது உப்பளத்துக்காரர்களின் முதுகுக்குத்தான் தெரியும். இதைச் சொன்னதும் அவர் கண் விரிந்துவிட்டது. அடுத்த நாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் அளத்துக்கு வந்துவிட்டார்.

அது மே மாதம். சுனாமி கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளிப் போட்டுவிட்டுப் பாத்தி கட்டியதால் அந்த வருஷம் எல்லாமே தாமதம். கேமராவை வரப்பில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டுவிட்டு, அப்பா வெட்டிக்கொடுத்த நுங்கைச் சாப்பிடக் கொட்டகைக்குள் போய்விட்டார் சார். ஒரு மணி நேரம் கேமரா தன்பாட்டுக்கு ஓடியது. அதைப் போட்டுப் பார்த்து, அசைவுகளைக் குறித்து வைப்பது என் வேலை.

மத்தியான வெயிலில் உப்பளத்தில் முகம் தெரியாது. கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் எல்லோரும் கரிக்கட்டைதான். அதனால் அங்கே ஆளை நடையை வைத்துத்தான் சொல்வார்கள். கால்மைல் தூரத்தில் வருகிறவனைப் பார்த்து, வர்றது யார், நேற்று குடித்தானா, முதுகு வலிக்கிறதா என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். கேமராவிலும் முகங்கள் கருகிப்போய்த்தான் இருந்தன. எனக்கு என்ன, அளத்தில் பிறந்தவள்தானே. ஓரத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது.

வரப்புக்கு அந்தப் பக்கம் என் தம்பி ஐயப்பன். பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து இடது காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடப்பான். இந்தப் பக்கம் எங்கள் அளத்தில் கூலிக்கு வரும் மேரிசெல்வி. பித்தவெடிப்பில் உப்பு ஏறி எரியுமே, அதனால் வலது குதிகாலைத் தரையில் வைக்காமல் ஏந்திக்கொண்டே நடப்பவள். இரண்டு பேரும் அவரவர் பாத்தியில் பலகையை இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறார்கள். முதுகும் முதுகும் வரப்பை நெருங்குகின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐயப்பன் கழியால் வரப்பை இரண்டு தட்டு தட்டுகிறான். மேரிசெல்வி திரும்பாமலே வலது குதிகாலைப் பின்னால் உயர்த்துகிறாள். அவன் குனிந்து, பக்கத்திலிருந்த குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்து, அந்தக் குதிகால்மேல் ஊற்றுகிறான். உப்பு கழுவிப் போகும்வரை ஊற்றுகிறான். பிறகு இரண்டு பேரும் பலகையைத் தூக்கிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போய்விடுகிறார்கள். மொத்தம் பதினோரு செகண்ட்.

குடிதண்ணீர் பிரம்மதேசத்துப் பக்கமிருந்து டிராக்டரில் வரும். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதில் வாய் கொப்பளித்தால்கூட அப்பா கத்துவார். அந்தத் தண்ணீரை முதலாளி மகன் கூலிக்காரப் பெண்ணின் காலில் ஊற்றுகிறான். அவர்கள் தெரு வேறு, எங்கள் தெரு வேறு. நாங்கள் மாரியம்மன் கோயில், அவர்கள் மாதா கோயில். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்படி ஒரு ஜோடி கிளம்பிப் போனதற்காக, பெண்ணின் வீட்டுக் கூரை எரிந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பையன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். அப்புறம் அதை இருபது தடவை போட்டுப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. என் காலுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமையாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஐயப்பனைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"டேய், எத்தினி நாளா நடக்குது இது?"

"எதக் கேக்கறக்கா?"

"குடிதண்ணிய காலுக்கு ஊத்தறது."

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. "அக்கா, அப்பாகிட்ட சொல்லிடாதக்கா. எனுக்கு ஒண்ணும் ஆவாது. அவளத்தான் கொன்னுடுவாங்க. அந்தோணிசாமி இருக்கானே, அவ அண்ணன், அவனே போதும்."

"கட்டிப்பியா?"

"கட்டிப்பேன். கொஞ்சம் டைம் குடு."

"சரி. என் கையால உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வராது. போ," என்றேன். மனசாரச் சொன்னதுதான்.

மறுநாள் கம்பெனிக்குப் போய், அந்தப் பதினோரு செகண்டை வரைய ஆரம்பித்தேன்.

சாரிடம் இப்படிச் சொன்னேன். "அந்த மெஷினுக்கு சூடு தணிய ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணி குடுக்கறாங்கன்னு வெச்சிக்கோங்க. அது இல்லன்னா எரிஞ்சிடும். அந்தத் தண்ணிய அது அவ குதிகாலுக்கு ஊத்துது. மறுநாளும் ஊத்துது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமா வேவுது. அவளுக்குத் தெரியாது, ஏன்னா ரெண்டும் பின்னாடிதான் நடக்குதுங்க. மூஞ்சியே பாக்கல."

அருள்மொழி சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இதுதாங்க. இதுதான் இத்தன நாளா கிடைக்காதது," என்றார். எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டார். தோன்றியது என்று சொல்லிவிட்டேன்.

ஏழு மாதம் வரைந்தேன். ஒரு செகண்டுக்குப் பன்னிரண்டு படம். பெண் ஒரு தாளில், மெஷின் ஒரு தாளில், இரண்டையும் விளக்கு மேஜையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். பயம் இருந்ததா என்றால், இல்லை. பெண்ணுக்கு நீல நிற முகம், வெள்ளி முடி. மெஷினுக்கு முகமே கிடையாது, தகர டப்பா. யாருக்குத் தெரியப்போகிறது? முகமே தெரியாத படத்தில் நான்தான் அவர்களைக் கண்டுபிடித்தேன் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான்கு வருஷம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

மெஷின் நன்றாக வந்தது. இடது காலை வீசிக்கொண்டு நடந்தது. ஆனால் பெண் இருக்கிறாளே, அவள் என் கையில் அதுவரை வராத ஒன்று. குதிகாலை ஏந்திக்கொண்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, அந்தச் சாய்வைப் பலகைக் கழியில் தாங்கி, ஒவ்வொரு அடியிலும் வலியை மறைத்துக்கொண்டு நடந்தாள். கடைசித் தாளை முடித்தபோது, இனி என்னை யாரும் கார்ட்டூன் கம்பெனிக்காரி என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

இடையில் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் மேரிசெல்வியைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

"உன் படத்துல இன்னாக்கா கதை?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு, ஒரு மெஷினு. லவ் பண்ணுதுங்க."

அவள் சிரித்தாள். "மெஷினுக்கு அப்பன் ஆத்தா கெடையாதுல்ல. அந்தப் பொண்ணு பொழச்சிக்குவா."

டிசம்பரில் படம் முடிந்தது. அப்போதுதான் அருள்மொழி சாருக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. படம் உப்பளத்து ஜனங்களால்தான் உருவானது, ஆகையால் உலகத்திலேயே முதலில் பார்ப்பது அவர்களாகத்தான் இருக்க வேண்டும். காணும் பொங்கலன்று எல்லோருக்கும் லீவு. எங்கள் உப்புக் கொட்டகைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவது என்று அப்பாவிடமும் பேசி முடித்துவிட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் எடுத்த படம் என்று கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போகியன்று காலை, உப்பு லோடு ஏற்றும் லாரி டிரைவர் சிங்காரம், அப்பா கொடுத்தனுப்பிய கரும்புக் கட்டை என்னிடம் கொடுக்க மாடிக்கு வந்தார். கம்ப்யூட்டரில் மெஷின் மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது. கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"இன்னாமே, நம்ம ஐயப்பன் நடக்குறான் இதுல?"

முகம் இல்லாத ஒரு தகர டப்பா. மூன்று அடிதான் எடுத்து வைத்திருந்தது.

சிங்காரம் போனதும் சாரிடம் ஓடினேன். "சார், மெஷின் நடைய மாத்தணும். மூணு நாள்ல."

"என்னங்க சொல்றீங்க? அந்த நடைதாங்க மெஷினுக்கு உயிரு."

"எங்க ஜனத்துக்கு அது நொண்டறாப்ல தெரியும். சிரிச்சிடுவாங்க. இந்த ஒரு ஷோவுக்கு மட்டும். அப்புறம் நீங்க பழையபடி மாத்திக்கோங்க." பொய்தான். உண்மையைச் சொல்ல அந்த மனுஷனிடம் எனக்குத் தைரியம் இல்லை. அவர் தயங்கினார். "மாத்தலன்னா நான் நாளையிலேர்ந்து வரலை," என்று கத்தினேன். அதற்குப் பிறகு ஒத்துக்கொண்டார்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. மே மாதத்துக்கு முன்னால் வரைந்த பழைய தாள்கள் அலமாரியில் அப்படியே இருந்தன, மெஷினுக்கு ஒரு கட்டு, பெண்ணுக்கு ஒரு கட்டு. பழைய மெஷின் கட்டை எடுத்தேன். விறைப்பாக, பொம்மைபோல நடக்கும் மெஷின். அந்தத் தாள்களைக் கடைசியிலிருந்து முதலாக மாற்றி அடுக்கினால் பின்னால் நடந்துவிடும். தண்ணீர் ஊற்றும் இடத்தில் மட்டும், ஊற்றுகிற கையை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய உடம்பைச் சேர்த்து வரைந்து ஒட்டினேன். "பொங்கலன்னிக்குக்கூட பென்சில் புடிக்கப் போறியாம்மா," என்று அப்பா திட்டினார். போனேன். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் முடிந்துவிட்டது.

அப்போது அருள்மொழி சார் கேட்டார். அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பொண்ணோட பழைய கட்டும் இருக்குது. இன்னும் ஒரு முழு நாள் இருக்குது. அதையும் மாத்திடலாமா?"

"வேணாம் சார். பொண்ணு நல்லா வந்துருக்கா," என்றேன்.

காணும் பொங்கல் சாயங்காலம், கொட்டகையில் நூறு பேருக்குமேல் இருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் அப்பா, பக்கத்தில் ஐயப்பன். பெண்கள் பக்கம் தரையில் மேரிசெல்வி, அவள் அம்மா சவரியம்மாளோடு. ஓரத்தில் தூணில் சாய்ந்துகொண்டு அந்தோணிசாமி. அருள்மொழி சார் மைக் பிடித்து நன்றி சொன்னார். "இந்தப் படத்துல வர்ற ஒரு அசைவுகூட எங்க கற்பனை இல்லீங்க. எல்லாமே உங்க அளத்துல கேமரா வெச்சிப் புடிச்சதுதான். இது உங்க படம்." எல்லோரும் கை தட்டினார்கள்.

படம் ஓடியது. கடல் ஏறியது, ஊர்கள் முழுகின. சுனாமியைப் பார்த்தவர்கள்தானே, யாரும் பேசவில்லை. பிறகு திட்டு வந்தது. நீல முகத்துப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தாள். நான்கு அடி வைத்திருப்பாள்.

"ஏய், நம்ம சவரியம்மா பொண்ணுடி அது," என்றாள் ஒருத்தி.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. மேரிசெல்வியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெஷின் வந்தது. விறைப்பாக நடந்தது, யாருக்கும் அது யாராகவும் தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த நிமிஷத்தில் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

முதுகும் முதுகும் நெருங்கின. மெஷின் கழியால் இரண்டு தட்டு தட்டியது. பெண் குதிகாலை உயர்த்தினாள். மெஷின் தண்ணீரை ஊற்றியது.

"யாருடி அது உன் காலுக்கு ஊத்தறது?" என்று இன்னொருத்தி கேலியாகக் கேட்டாள். மறுபடி சிரிப்பு. அடுத்த நாள் மறுபடி ஊற்றியது. அதற்கு அடுத்த நாளும். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. கடைசியில் யாரோ மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அதான் போன கோடைல கேன் பத்து மணிக்கே காலியாச்சி."

அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். தண்ணீருக்காகக் கோடை முழுக்கக் கத்தியவர் அவர்தான். "நிறுத்துப்பா படத்த," என்றார். மெஷின் தண்ணீர் ஊற்றியபடியே துணியில் நின்றது.

"ஏம்பா அருள்மொழி, இது எங்க அளத்துல புடிச்சதா?"

"ஆமாங்க," என்றார் சார், இன்னும் சிரித்த முகத்தோடு. "எல்லாமே அங்க புடிச்சதுதான்."

அப்பா பெண்கள் பக்கம் திரும்பினார். "எவன் ஊத்தனது?"

மேரிசெல்வி எழுந்து நின்றாள். அவள் ஐயப்பனைப் பார்க்கவில்லை. முன்வரிசைப் பக்கமே பார்வை போகாமல் பார்த்துக்கொண்டாள். "படம்தானுங்க மொதலாளி. மெஷினு ஊத்துது," என்றாள்.

"எவன்னு கேக்கறேன்."

நான் ஐயப்பனைப் பார்த்தேன். அவன் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறந்தேன். என் கையால் ஒன்றும் வராது என்று சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்லட்டுமா, அந்தச் சத்தியம் எனக்கு அப்போது ரொம்ப வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தோணிசாமி தூணைவிட்டு வந்து, தங்கச்சியின் தலைமுடியைப் பிடித்து, நூறு பேருக்கு நடுவில் வெளியே இழுத்துக்கொண்டு போனான். சவரியம்மாள் பின்னாலேயே ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. எங்கள் ஜனம் தடுக்காது, அவர்கள் ஜனமும் தடுக்கவில்லை.

வீட்டில் ஐயப்பனைப் பிடித்து அறைந்தேன். "எழுந்து சொல்ல வேண்டியதுதானடா. கட்டிப்பேன்னியே."

கன்னத்தைத் தடவிக்கொண்டு அவன் சொன்னான். "வரைஞ்சது நீதான. நீ சொல்லியிருக்க வேண்டியதுதானக்கா."

அந்தோணிசாமி அவளை நான்கு நாள் அடித்தான் என்று கேள்விப்பட்டேன். ஒரு பெயரும் அவள் வாயிலிருந்து வரவில்லையாம். அதனால் ஊர் தன் விருப்பத்துக்கு ஆள் ஆளாகப் பெயர் வைத்தது. டிராக்டர் ஓட்டுகிறவன், கணக்குப்பிள்ளை, கல்யாணமான இரண்டு பேர். என் தம்பியின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. முதலாளி மகன் கூலிக்காரி காலுக்குத் தண்ணீர் ஊற்றுவான் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

ஐந்தாம் நாள், திருப்பூரில் சித்தி வீட்டுக்கு அவளை அனுப்புகிறார்கள், பனியன் கம்பெனியில் வேலையாம் என்று தெரிந்தது. ஐயப்பனிடம் சொன்னேன். அவன் அளத்துக்குப் போய்விட்டான். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

மேரிசெல்வி ஒரு துணிப்பையோடு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. சவரியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருக்கா," என்றாள்.

உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன், அதற்குள் அவளே பேசினாள்.

"மொதல்ல அவரு நடைதான இருந்துச்சி அதுல?"

தலையாட்டினேன்.

"தெரியும். நடைய மாத்திட்ட. ஆனா குனிஞ்சி ஊத்துதே, அந்தக் கை அவருதுதான். நான் பாத்துட்டேன்." துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அவருத மாத்தத் தெரிஞ்சிச்சில்ல உனுக்கு. என்னுத ஏங்க்கா மாத்தல?"

நேரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தாள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். எனக்கே அப்படிச் சொல்ல அசிங்கமாக இருந்தது.

"உன்னுது நல்லா வந்துருந்துச்சி," என்றேன். "அழிக்க மனசு வரல."

அவள் அதற்குக் கோபப்படவில்லை. அடித்திருந்தால் தேவலை. வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த மெஷினு தேவலக்கா," என்றாள். "எல்லாரும் பாக்க ஊத்திச்சி."

விழுப்புரம் பஸ் வந்தது. சவரியம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். எங்கள் அளத்துக்கு வரும் பெண்கள் ஏழெட்டுப் பேர் அந்தப் பக்கக் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேரிசெல்வி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். வலது குதிகாலைத் தரையில் வைத்தாள். முழுசாக, பாரம் கொடுத்து வைத்தாள். முகம் ஒரு நொடி சுருங்கியது, பிறகு நேரானது. சாய்வில்லாமல், ஏந்தாமல், எல்லோரையும்போல இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிப் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

ஏறுகிற கூட்டத்தோடு அவள் கலந்தாள். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் யார் அவள் என்று எனக்குத் தெரியவில்லை.